படகில் ஏறுமுன்: சில குறிப்புகள்

பனகல் பூங்காவைச் சுற்றி நடக்கிற கூட்டத்தில் யாரையாவது நிறுத்தி, இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஏரி, அதில் படகு ஓடியது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்த ஏரி அது. ஆங்கிலேயர்கள் ‘லாங் டேங்க்’ என்றார்கள். 1890-களில் அதில் படகுப் போட்டிகள் நடந்தன. 1920-களில் தண்ணீரை வடித்து, மனை பிரித்து, பிட்டி தியாகராயர் பெயரில் ஒரு நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை.

ஏரி போனது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. என் கவலை வேறு. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் அடையாறிலும் மூன்று நான்கு தலைமுறைகள் தண்ணீரைப் பாலத்தின் மேலிருந்து, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்துவிட்டன. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று முட்டுக்காடு படகுத் துறைக்குப் போய் டிக்கெட் எடுத்து நேராகப் படகில் ஏறுகிறோம். எங்கே கால் வைப்பது, எங்கே உட்காருவது, எதைக் கேட்பது என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை.

*

போட் கிளப் ரோடு என்றால் சென்னைக்காரர்களுக்குப் பெரிய பங்களாக்களும் மரநிழலும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரைக் கொடுத்த மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கியது. இன்றும் அடையாற்றங்கரையில் இருக்கிறது. சில விடிகாலைகளில் கோட்டூர்புரம் பாலத்தில் நின்றால் ஊசி மாதிரி ஒல்லியான படகுகள் ஆற்றைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

ஒருவர் ஓட்டும் பந்தயப் படகு எட்டு மீட்டர் நீளம் இருக்கும். அகலம் ஒரு முழம்கூட வராது. எடை பதினான்கு கிலோவை ஒட்டி. துடுப்பு போடுகிறவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். வழி தெரிய வேண்டுமானால் தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்கவே பயமாக இருக்கும் ஏற்பாடு. ஆனால் அதைச் சுற்றி எத்தனை காவல்கள்! படகின் முனையில் ஒரு சிறிய ரப்பர் பந்து பொருத்தியிருப்பார்கள், மோதினால் எதிராளியின் உடம்பில் குத்தாமல் இருக்க. ஷூ படகோடு சேர்ந்தே இருக்கும். கவிழ்ந்தால் கால் சிக்காமல் தானாக உருவி வரும்படி ஷூவின் குதிகால் பகுதியை ஒரு கயிற்றால் படகோடு கட்டியிருப்பார்கள். பயிற்சியாளர் மோட்டார் படகில் பின்னாலேயே வருவார். நீந்தத் தெரியாதவரைத் துடுப்பைத் தொட விடுவதில்லை என்பது உலகெங்கும் இந்த விளையாட்டில் வழக்கம்.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம், கவிழ்ந்தால் படகை விடக்கூடாது என்பது. கவிழ்ந்த படகு பெரும்பாலும் உடனே மூழ்குவதில்லை. குப்புறக் கிடந்தாலும் மிதக்கும். அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறவரைத் தேடி வருகிறவர்களும் கண்டுபிடித்துவிடுவார்கள். கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நீந்தப் புறப்படுகிறவர்தான் பாதி வழியில் கை ஓய்ந்து போகிறார். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும்போது கரை எப்போதும் இருப்பதைவிடக் கிட்டத்தில் இருப்பதாகவே தோன்றும்.

*

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரி. கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு. கரையில் காட்டெருமைகள் தெரிந்தன; பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து வந்தார்கள்; படகு சாய்ந்தது, அப்படியே கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு.

படகின் அமைப்பிலும் நடத்தியவர்களிடத்திலும் இருந்த குறைகள் விசாரணையில் பேசப்பட்டன. அது பேசப்பட வேண்டியதுதான். அதோடு பயணிகளாகிய நாம் யோசிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பஸ்ஸில் எல்லோரும் ஒரு பக்கம் எட்டிப்பார்த்தால் பஸ் கவிழாது. ரயிலும் கவிழாது. நாம் நாளெல்லாம் ஏறி இறங்கும் வண்டிகளில் பயணியின் எடை ஒரு பொருட்டே இல்லை. சிறிய படகில் ஏறிய நிமிஷத்திலிருந்து நம் உடம்பு படகின் ஒரு பாகம் ஆகிவிடுகிறது. பத்துப் பேர் ஏறினால் அறுநூறு எழுநூறு கிலோ. பல சமயம் படகின் எடையைவிட அது அதிகம். அந்த எடை கீழே, நடுவில், அசையாமல் இருந்தால் படகு நிமிர்ந்து நிற்கும். எழுந்து நின்றால் எடை மேலே போகிறது. ஓரத்துக்கு நகர்ந்தால் படகு சாய்கிறது. சாய்ந்த பக்கம் தண்ணீர் உள்ளே வருகிறது. வந்த தண்ணீர் தாழ்ந்த பக்கமே ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கிறது. இவ்வளவும் நடக்கச் சில விநாடிகள் போதும். படகுக்காரர் கத்தி, நாம் அதைக் கேட்டு, திரும்பி வந்து உட்கார அவகாசம் இருக்காது.

ஆகவே ‘உட்காருங்க’ என்று படகுக்காரர் அதட்டினால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதட்டாத படகுக்காரரிடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மாடி வைத்த படகு, சுற்றிலும் கண்ணாடி அடைத்த படகு இரண்டிலும் ஏறவே வேண்டாம் என்பது என் கட்சி. கவிழ்ந்தால் கீழ்த்தளத்தில் இருப்பவருக்கு வெளியே வர வழி இல்லை.

*

பழவேற்காடு. 2011 கிறிஸ்துமஸ் நாள். உறவுக்காரர்கள் சேர்ந்து உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கினார்கள். மீன்பிடிப் படகு அது. யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை.

மீன்பிடிப் படகு மோசமான படகு அல்ல. அதில் நான்கைந்து பேர் போவார்கள்; வலையும் மீனும் படகின் அடியில் கிடக்கும்; போகிற ஒவ்வொருவருக்கும் அலை வந்தால் எந்தக் காலில் பாரம் போடுவது என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். அதே படகில் வலையை இறக்கிவிட்டு, பட்டுப்புடவையும் குழந்தையும் சாப்பாட்டுக் கூடையுமாக இருபது பேரை ஏற்றினால் அது வேறு படகு. 2023 மே 7-இல் மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேரைப் பலிகொண்டதும் மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டதுதான். பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டியிருக்கிறார்கள்.

2024 ஜனவரி 18, வடோதராவின் ஹரணி ஏரி. பள்ளிச் சுற்றுலா. பதினான்கு பேருக்கான படகில் ஏறத்தாழ இரண்டு மடங்கு பேர். பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு கவிழ்ந்து பன்னிரண்டு குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். ஏரி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் வீடுகள்.

*

ஷேர் ஆட்டோவில் “கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இன்னும் ஒருத்தர்” என்பதற்கு நாம் பழகிவிட்டோம். தள்ளி உட்காருவது நல்ல குணம் என்றும் நினைக்கிறோம். படகுத் துறையிலும் அந்தக் குணம் கூடவே வந்துவிடுகிறது. குடும்பத்தைப் பிரிக்க மனசு வராமல், “ஒரே படகில போயிடறோம், குழந்தைதானே, மடியில வெச்சுக்கறோம்” என்று கெஞ்சுவது பெரும்பாலும் நாம்தான், நடத்துகிறவர்கள் அல்ல. மடியில் இருக்கும் குழந்தைக்கும் எடை உண்டு. இரண்டு படகில் போங்கள். ஒரு படகில் ஆபத்து என்றால் இன்னொரு படகு பக்கத்தில் இருக்கும் என்பதும் ஒரு லாபம்.

படகின் பக்கவாட்டில் இத்தனை பேர் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணுங்கள், ஓட்டுகிறவரையும் சேர்த்து. தண்ணீர் மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கரையிலேயே கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு சாண்கூட இல்லையென்றால் ஏற வேண்டாம்.

*

முட்டுக்காடு படகுத் துறையைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-இல் தொடங்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்துக்கு முன்னால், கடலோடு சேரும் கழியில் இருக்கிறது. பெடல் படகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. தென்சென்னைக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு முதல் படகுச் சவாரி அங்கேதான் நடந்திருக்கும். சேத்துப்பட்டு ஏரியில் மீன்வளத் துறையின் பசுமைப் பூங்கா 2016-இல் வந்த பிறகு ஊருக்குள்ளேயும் ஒரு இடம் கிடைத்தது.

இங்கெல்லாம் போகும்போது நான் லைஃப் ஜாக்கெட்டைத்தான் உற்றுப் பார்ப்பேன். கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறோம். அதற்குப் பிறகு நடப்பதுதான் வருத்தம். புடவை கசங்கும் என்று ஒரு அம்மா கையில் வைத்துக்கொள்கிறார். அடுத்தவர் வேர்வை நாறுகிறது என்று ஒரு இளைஞன் தோளில் மாட்டிக்கொண்டு பக்கிளைத் திறந்தே விடுகிறான். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் ஜாக்கெட்டைப் போட்டு, “அழகா இருக்கு” என்று படம் எடுக்கிறார்கள். தண்ணீரில் விழுந்தால் அந்த ஜாக்கெட் மேலே மிதக்கும். குழந்தை அதற்குள்ளிருந்து கீழே நழுவிப் போகும்.

சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி. பக்கிள் எல்லாவற்றையும் மாட்டி, பட்டையை இழுத்து இறுக்கிய பிறகு, தோள்பட்டையில் இரண்டு கையாலும் பிடித்து ஜாக்கெட்டை மேலே தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறி வந்தால் அது அவருக்கானதல்ல. குழந்தைகளுடையதில் இரண்டு காலுக்கும் நடுவே போகிற ஒரு பட்டை இருக்க வேண்டும். குழந்தை அளவு இல்லை என்றால் அன்றைக்குக் குழந்தையோடு கரையில் இருங்கள். அழட்டும். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கலாம்.

ஒரு மனிதரின் தலையைத் தண்ணீருக்கு மேல் நிறுத்த மூன்று முதல் ஐந்து கிலோ மிதவை ஆதரவு போதும். நம் உடம்பின் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது. அந்தக் கடைசி மூன்று கிலோவுக்குத்தான் ஜாக்கெட். ஆனால் உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கி, கிழிந்து, நீர் கோத்துக் கிடந்தால் அந்த மூன்று கிலோவும் கிடைக்காது. கிழிந்ததைக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். படகுத் துறைகளை நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அவற்றை வாரம் ஒரு முறையாவது அலசி வெயிலில் காயவைத்தால், நாறுகிறது என்ற சாக்கு யாருக்கும் இருக்காது.

அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஒவ்வோராண்டும் உல்லாசப் படகு விபத்துகளைக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள் என்றே வருஷத்துக்கு வருஷம் அதில் வருகிறது. படகில் ஜாக்கெட்டே இல்லாமல் போனவர்கள் மட்டுமல்ல. காலடியில் வைத்துக்கொண்டே இறந்தவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. கவிழ்ந்த பிறகு தண்ணீரில் மிதந்துகொண்டே அதை மாட்டுவது பயிற்சி உள்ளவருக்கே கஷ்டம்.

*

ஏறுவதும் இறங்குவதும். நடுவழியில் விழுகிறவர்களைவிட, துறையில் ஒரு கால், படகில் ஒரு கால் இருக்கும்போது விழுகிறவர்கள் அதிகம். ஒவ்வொருவராக, படகின் நடுவில் கால் வைத்து, குனிந்தபடி. கையில் பையோ போனோ வேண்டாம். வயதானவர்களை முதலில் ஏற்றி உட்காரவைத்துவிடுவது நல்லது.

*

சென்னைக்கு ஒரு காலத்தில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசூலா படகுதான். ஆணி இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. அலை அடித்தால் விறைப்பாக நின்று உடையாமல் நெளிந்து கொடுக்கும். வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த பயணக் குறிப்புகளில் அந்தச் சில நூறு கஜப் பயணத்தின் பீதி பக்கம் பக்கமாக இருக்கிறது.

எனக்கு அதில் பிடித்த விஷயம், மசூலா படகுக்குத் துணையாகக் கட்டுமரக்காரர்கள் கூடவே போவார்கள் என்பது. படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களை எடுப்பது அவர்கள் வேலை. உயிரைக் காப்பாற்றியவருக்குப் பதக்கமும் சன்மானமும் கொடுத்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்பே இந்தக் கரையில், ஆள் ஏற்றும் படகு ஒன்று என்றால் ஆள் எடுக்கும் ஆட்களும் தனியாக உண்டு. இன்று எத்தனை ஏரிகளில் படகு விடுகிறார்கள். மீட்புப் படகு ஒன்று இன்ஜின் சூடாக, ஆளோடு, வேறு வேலை இல்லாமல் நிற்கிறதா? டிக்கெட் கவுன்ட்டரில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

*

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தைத் தாண்டினால் அடையாற்றின் முகத்துவாரம். அங்கேதான் உடைந்த பாலம். 1967-இல் கட்டி, 1977 வெள்ளத்தில் போனது. சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடம், மாலையில் காற்று வாங்குகிறவர்களுக்கும்.

முகத்துவாரம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மழைக்காலத்தில் ஆறு மணல்மேட்டை உடைத்துக்கொண்டு போகும். பிறகு கடல் மெல்ல மெல்ல மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். சென்னையில் கடல் ஏற்றவற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனால் நாளுக்கு இரண்டு முறை, அந்த ஒரு மீட்டர் தண்ணீரும் ஒரு குறுகிய வாய் வழியாக வெளியே போக வேண்டும். வற்றம் போகிற நேரத்தில் ஆற்றுத் தண்ணீரும் அதோடு சேர்ந்துகொள்ளும்போது, மேலே பார்க்கச் சலனமே இல்லாமல் கீழே இழுப்பு இருக்கும்.

வலை சீர் பண்ணிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். “தண்ணி முட்டிக்கு மேல இல்லனு எறங்குவானுங்க சார். முட்டி அளவு தண்ணியே காலை வாரிடும். மொகத்துவாரம் தொறந்திருக்கற நாள்ல நாங்களே பாத்துதான் போவோம்” என்றார். பிறகு, “எங்களாண்ட ஒரு வார்த்தை கேட்டா சொல்லமாட்டமா?” என்றார். அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது. நியாயமான கோபம். ஊரூர் குப்பத்திலும் நொச்சிக்குப்பத்திலும் தினமும் கடலைப் பார்த்தே பிழைக்கிறவர்கள் இருக்கும்போது, நாம் போனில் வெதர் ஆப்பைப் பார்த்துவிட்டு இறங்குகிறோம். கயாக்கும் துடுப்புப் பலகையும் எடுத்துக்கொண்டு கோவளத்துக்கும் பெசன்ட் நகருக்கும் போகும் இளைஞர்கள் இப்போது நிறைய. போய் முதலில் அந்த மீனவர்களிடம் பேசுங்கள். இன்று வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் திரும்பி வாருங்கள்.

*

கோடைக்காலத்து மாலை. மேற்கே கறுத்து, காற்று சட்டென்று நின்று, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடிக்க ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் இடி மழை. பெடல் படகுக்கு அந்தக் காற்றை எதிர்த்து வரச் சக்தி இல்லை. முதல் இடி கேட்டதும் கரை. காசு திரும்ப வருமா என்று யோசிக்க வேண்டாம்.

*

தைப்பூசத்தை ஒட்டிக் கபாலீசுவரர் கோவில் தெப்பம். காலி டிரம்களின் மேல் மரத்தட்டு போட்டு, விளக்கும் பூவுமாக அலங்கரித்து, சுவாமியை ஏற்றிக் கரையிலிருந்து கயிற்றால் இழுத்துக் குளத்தைச் சுற்றுவார்கள். மூன்று நாள். நான்கு பக்கமும் படிக்கட்டு முழுக்க ஜனம்.

அதையும் ஒரு படகு என்ற கண்ணோடு பார்க்கிறேன். அகலமான அடித்தளம், டிரம்களின் மிதவை, இன்னார்தான் ஏறலாம் என்ற கட்டுப்பாடு, மெதுவான ஓட்டம், கரையிலிருந்து பிடித்த கயிறு. தீயணைப்புத் துறையினர் ரப்பர் படகோடு தயாராக நிற்பார்கள். ஒரு திருவிழாவுக்கு இவ்வளவு ஒழுங்கை நாம் கடைப்பிடிக்கிறோம். முடியாத காரியம் இல்லை என்பதற்காக இதைக் குறித்துவைக்கிறேன்.

*

பக்கிங்ஹாம் கால்வாய் மயிலாப்பூரை ஒட்டி ஓடுகிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் கூலி கொடுக்க வெட்டியது. ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் 1878-இல் வந்தது. விறகும் உப்பும் நெல்லும் அதில் வந்தன. பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில்தான் படகேறி மாமல்லபுரம் போனார். ‘மாவலிபுரச் செலவு’ அந்தப் பயணத்தைப் பற்றியது. படகைக் கயிறு கட்டிக் கரையோரமாக இழுத்துப் போன ஆட்கள் பட்ட பாட்டையும் அவர் விடவில்லை.

இப்போது பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. மறுபடி படகு விடப்போகிறோம் என்ற பேச்சு சில வருஷத்துக்கு ஒரு முறை எழும். 2008-இல் தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதியாகவும் அறிவித்தார்கள். படகு வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முதலில் அதில் சாக்கடை கலப்பது நிற்க வேண்டும். கால்வாயின் சேற்றில் விழுந்தவர் நின்றுவிடலாம் என்று கால் ஊன்றினால் கால் திரும்பி வராது. ஆழம் இல்லாத இடத்திலும் ஆள் போவது இதனால்தான். வாயில் போன தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். அடையாற்றிலோ கால்வாயிலோ விழுந்து எழுந்தவர் குளித்துவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. டாக்டரிடம் போய், இந்தத் தண்ணீரில் விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தாலும் அதையே சொல்ல வேண்டும்.

*

2015 டிசம்பர் 1 இரவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் வீட்டுக்குள் ஆறு. ராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் வந்தன. மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் திரும்பப் படகு.

இந்த ஊரில் படகைப் பற்றித் தெரிந்துகொள்வது பொழுதுபோக்கு ஆசாமிகளின் விஷயம் மட்டும் இல்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். மாடியிலிருந்து, பால்கனியிலிருந்து, ஜன்னல் வழியாக, கைக்குழந்தையோடும் நடக்க முடியாத தாத்தாவோடும் படகில் இறங்க வேண்டி வந்த குடும்பங்கள் எத்தனை! அந்தத் தெரு வெள்ளத்தில் காம்பவுண்டுச் சுவர் தண்ணீருக்குள் மறைந்திருக்கும். கேட்டின் கம்பி ரப்பர் படகைக் கிழிக்கும். தெரு முனையில் இழுப்பு அதிகம். மின்கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட படகில் எல்லோரும் ஒரே சமயம் குதித்தால் மீட்க வந்தவர்களும் சேர்ந்து போவார்கள். கீழே உட்கார், நடுவில் உட்கார், பெட்டியை விட்டுவிடு, மருந்தையும் கண்ணாடியையும் மட்டும் எடு. இதை ஒரு முட்டுக்காட்டுப் பயணத்தில் பழகியிருந்தால் அன்றைக்குக் கை தானாகச் செய்யும்.

*

மூழ்குகிறவர் கத்துவதில்லை. கையை ஆட்டிக் கூப்பிடுவதும் இல்லை, அதெல்லாம் சினிமாவில். வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வரும் சொற்ப நேரமும் மூச்சு இழுக்கவே போய்விடும். கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். தலை பின்னால் சாய்ந்து, உடம்பு நிமிர்ந்து, ஏணி ஏறுகிற மாதிரி. பார்க்கிறவருக்கு விளையாடுவதாகத் தோன்றும். இருபது விநாடியிலிருந்து ஒரு நிமிஷம், அவ்வளவுதான் அவகாசம். குழந்தை சத்தம் போட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று சும்மா ஆகிவிட்டால் உடனே பாருங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவு ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவுச் சின்னம். 1930 டிசம்பர் 30-இல் மற்றவரைக் காப்பாற்றக் கடலில் இறங்கி அவர் இறந்துபோனார். அந்த மனசை வணங்குகிறேன். ஆனால் அதன் நிழலில் விளையாடும் பிள்ளைகளுக்கு வேறொன்றையும் சொல்லித் தர வேண்டும். முதலில் குரல் கொடு. பிறகு கயிறோ துப்பட்டாவோ வீசு, காலி கேனோ பந்தோ மிதக்கிற எதுவானாலும் எறி. கழியை நீட்டு. குதிப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. ஒருவரை எடுக்கப் போய் அண்ணன் தம்பி மூன்று பேர் போனார்கள் என்ற செய்தி நம் பேப்பர்களில் எவ்வளவு அடிக்கடி வருகிறது! கடலோரக் காவல் படைக்கு 1554, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டையும் போனில் பதிந்துவைத்துக்கொள்ளலாம்.

*

சட்டம் பற்றிக் கொஞ்சம். 1917-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. இயந்திரம் பொருத்திய படகுக்குப் பதிவு வேண்டும், தகுதிச் சோதனை வேண்டும், ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டும். துடுப்பிலும் காலிலும் ஓடும் படகுகளையும் கணக்கில் கொண்டுவர அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. எங்கேயும் ஓட்டை எழுத்தில் இல்லை, துறையில் நின்று பார்க்கும் ஆளில்தான். தகுதிச் சான்றிதழின் நகலை டிக்கெட் கவுன்ட்டரில் ஒட்டிவைக்கச் சொல்வது பெரிய செலவில்லை.

*

கோடை விடுமுறையில் வேளச்சேரி நீச்சல் வளாகத்திலும் மெரினா குளத்திலும் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். பதினைந்து நாளில் கையும் காலும் அடிக்கக் கற்றுக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வருவார்கள். நல்லதுதான். நான் பயிற்சியாளர்களிடம் கேட்பது, முதல் வாரத்திலேயே மல்லாந்து மிதக்கச் சொல்லிக் கொடுங்கள் என்பதை. அடுத்து, கடைசி நாள் ஒரே ஒரு முறை, சட்டை பேன்ட்டோடு இறக்கிப் பாருங்கள். நெதர்லாந்தில் குழந்தைகள் முதல் நீச்சல் சான்றிதழ் வாங்கவே துணியும் செருப்புமாகத் தண்ணீரில் இறங்கித் தேர வேண்டும். வீட்டு வாசலில் கால்வாய் உள்ள தேசம், அவர்களுக்கு அது தெரியும். நம் வாசலுக்கும் வருஷத்தில் சில நாள் தண்ணீர் வருகிறது. குளத்தின் சுத்தம் கெடும் என்று நிர்வாகம் தயங்கினால், துவைத்த துணியை வீட்டிலிருந்து பையில் எடுத்துப்போய் அங்கேயே மாற்றிக்கொள்ளச் செய்யலாம். அடையாறில் ஒரு பெற்றோர் குழு இந்தக் கோடையில் இதைக் கேட்டுப் பார்க்கப்போகிறது. நானும் போகிறேன்.